மாற்றம்: கடந்த ஆண்டைப் போலவே

மட்சுமோட்டோ நகரின் வடக்கு ஓரத்தில், மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் விண்கதிர் ஆய்வு நிலையத்தில் ஒரு பதிவேடு உண்டு. கண்காணிப்பில் உள்ள வான்பொருள்களின் பதிவேடு என்று பெயர். எழுபத்திரண்டு பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் எண், திசை, தொலைவு, அளவு, கடைசியில் 'மாற்றம்' என்று ஒரு கட்டம். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் நாள் அந்த எழுபத்திரண்டு கட்டங்களிலும் 'கடந்த ஆண்டைப் போலவே' என்று மூத்த எழுத்தர் மொமோசே தம் கையால் எழுதுவார். அழகான கையெழுத்து. பதினாறு ஆண்டுகளாக ஒரு எழுத்துகூட ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

நிலையத்தின் விதி எளியது. மாற்றப் படிவம் ஒன்று எழுதி, அது கீழிருந்து மேல்வரை எல்லா முத்திரைகளையும் பெற்றுத் திரும்பும்வரை உலகில் எதுவும் மாறுவதில்லை. காப்பி இயந்திரம், ஊழியர் பட்டியல், நட்சத்திரம் எல்லாவற்றுக்கும் அதே விதிதான். இரண்டாம் மாடியில் ஒரு கழிப்பறையை எட்டு ஆண்டுகளுக்கு முன்பே இடித்துவிட்டார்கள். படிவம் எங்கோ நின்றுபோனதால் அந்தக் கழிப்பறை பதிவேட்டில் இன்னும் இருக்கிறது. மாதந்தோறும் சோதிக்கப்பட்டு, சுத்தமாக இருப்பதாகக் குறிக்கப்படுகிறது. உண்மையில், நிலையத்திலேயே சுத்தமான கழிப்பறை அதுதான்.

பதிவேட்டின் 41ஆம் பொருள் வெடித்துப்போன ஒரு நட்சத்திரத்தின் மிச்சம். வெடித்துச் சிதறிய வாயு கொதித்துக்கொண்டே வெளியே பாய்கிறது. அது எக்ஸ் கதிரில்தான் பளிச்சென்று தெரியும் என்பதால், பூமிக்கு மேலே சுற்றும் தொலைநோக்கிதான் அதைப் படமெடுக்க வேண்டும். அதன் வேகம் நொடிக்கு நாலாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். பதிவேட்டில் மட்டும் அது பதினாறு ஆண்டுகளாக இருந்த இடத்தில் இருந்தபடி இருந்தது.

இந்த நிலையில்தான் கமிஜோ சிஸுரு அதை அளந்து தொலைத்தாள்.

சிஸுருவுக்கு வயது முப்பத்தாறு. ஒப்பந்த ஆராய்ச்சியாளர். பதினாறு ஆண்டுகளுக்கு முன் எடுத்த படம், எட்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த படம், இந்த ஆண்டு எடுத்த படம், மூன்றையும் அசையாத தூர நட்சத்திரங்களின் மேல் ஆணியடித்தாற்போல் பொருத்தி வைத்து, விளிம்பு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. ஒரு வருடத்தில் அது நகர்வது, எழுபது மீட்டர் தள்ளி நின்று ஒருவர் நீட்டும் தலைமயிரின் தடிமன் அளவு. பொருத்துவதில் நூல் பிசகினாலும் விடை பொய்யாகிவிடும். நான்கு வருடம் கண் எரிய உட்கார்ந்து பொருத்தினாள். கடைசியில் யாரும் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. எல்லாப் பக்கமும் பாய்ந்துகொண்டிருந்த வாயு, மேற்கு விளிம்பில் மட்டும் வேகம் குறைந்திருந்தது. அங்கே ஏதோ ஒரு மேகம் குறுக்கே நிற்கிறது, வாயு அதன்மேல் முட்டுகிறது. அது தெரிந்த நாளில் அவள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து, காரணமில்லாமல் மலையைப் பார்த்துச் சிரித்தாள். உலகத்திலேயே அந்த மேகத்தைப் பற்றித் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

ஆனால் மார்ச் முப்பத்தொன்றோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் குழு ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்காது, அவை நீளமானவை. பதிவேட்டைத்தான் பார்க்கும். 41ஆம் பொருளுக்கு எதிரே மாற்றம் எழுதியிருந்தால் அவள் வேலை செய்திருக்கிறாள். இல்லையென்றால் நான்கு வருடம் சூடுபடுத்திய நாற்காலி மட்டுமே மிச்சம்.

டிசம்பர் மாதம் படங்களைத் தூக்கிக்கொண்டு மொமோசேயிடம் போனாள். இரண்டு படங்களைத் திரையில் மாற்றி மாற்றிக் காட்டினாள். அடுப்பில் வாட்டும் மோச்சி அரிசி உருண்டை உப்புவதைப் போல அந்த ஒளிவட்டம் உப்பியது, சுருங்கியது, மறுபடி உப்பியது. மொமோசே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அலுவலகத்தார் ஆராய்ச்சியாளர்களை 'சென்செய்', அதாவது ஆசிரியர், என்றே அழைப்பார்கள்.

"சென்செய், இது நம்ம நாப்பத்தொண்ணா?"

"ஆமா மொமோசே சான்."

"பதினாறு வருஷமா நான் மாற்றம் இல்லைன்னு எழுதிட்டிருந்தேன். இது பாட்டுக்கு மூச்சு விட்டுக்கிட்டிருந்திருக்கு. யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா."

அவர் குரலில் குற்றவுணர்வு இருந்தது. அலமாரியைத் திறந்து மாற்றப் படிவத்தை எடுத்தார்.

படிவத்தின் முதல் கேள்வி, மாற்றத்துக்கான காரணம். பதிலுக்கு மூன்று கட்டங்கள்: எழுத்துப் பிழை, பொறுப்பாளரின் கவனக்குறைவு, இயற்கைப் பேரிடர். நான்காவது காரணம் ஒன்று உலகில் இருக்கக்கூடும் என்று படிவத்தை வகுத்தவருக்குத் தோன்றவில்லை. சிஸுரு யோசித்தாள். எழுத்துப் பிழை என்றால் மொமோசே மாட்டுவார், கவனக்குறைவு என்றால் அவளே மாட்டுவாள். நட்சத்திரம் வெடித்தது பேரிடர்தானே என்று மூன்றாவதில் குறியிட்டாள்.

அடுத்தது, பேரிடர் நிகழ்ந்த தேதி. ஜப்பானின் எந்தப் படிவத்தையும் போலவே இதிலும் பேரரசர்களின் காலப்பெயர்கள் வரிசையாக அச்சிட்டிருந்தன: மெய்ஜி, தைஷோ, ஷோவா, ஹெய்செய், ரெய்வா. ஒன்றைச் சுற்றி வட்டமிட வேண்டும். அந்த வெடிப்பின் வெளிச்சம் பூமிக்கு வந்து சேர்ந்தது முந்நூற்று நாற்பது வருடங்களுக்கு முன்பு, படிவத்துக்குத் தெரிந்த முதல் பேரரசருக்கும் இருநூறு வருடம் முன்னால். மொமோசே நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"மெய்ஜியைச் சுத்தி வட்டம் போட்டு, ஓரத்துல 'அல்லது அதற்கு முன்'னு பொடியா எழுதிடலாம். ஆனா நிகழ்ந்ததா, கண்டதா? வெளிச்சம் வந்து சேர எவ்வளவு காலமாச்சுன்னு சொன்னீங்க?"

"பதினோராயிரம் வருஷம்."

"அப்போ தாமத அறிக்கை வேற இணைக்கணும். பேரிடர் நடந்து மூணு நாளுக்குள்ள சொல்லியிருக்கணும்."

தாமத அறிக்கையில், பதினோராயிரம் ஆண்டு தாமதத்துக்கு வருந்துவதாகவும், இனி இவ்வாறு நிகழாமல் பார்த்துக்கொள்வதாகவும் சிஸுரு எழுதிக் கொடுத்தாள். எழுதும்போது உண்மையிலேயே கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

பேரிடர் என்று குறித்த காகிதம் பேரிடர் தடுப்புக் குழுவுக்குப் போகாமல் இருக்குமா? குழுவின் தலைவரும் நிர்வாகப் பிரிவுத் தலைவர் ஃபுரிஹாதாதான். மறுநாள் காலை வெள்ளைத் தலைக்கவசம் அணிந்து, இன்னொன்றைக் கையில் பிடித்தபடி அவள் அறைக்கு வந்தார். கையிலிருந்ததை அவளிடம் நீட்டினார். அவள் அணிந்த பிறகே பேச்சைத் தொடங்கினார். வேகம் என்ன என்று கேட்டார். சொன்னாள். அவர் கணக்கிட்டுப் பார்த்து முகம் வெளுத்தார். அந்த வேகத்தில் வந்தால் மட்சுமோட்டோவிலிருந்து டோக்கியோவுக்கு ஒரு கண்சிமிட்டலுக்குள் போய்விடலாம். விரைவு ரயிலுக்கே இரண்டரை மணி நேரம் ஆகும்.

"அது எப்போ இங்க வந்து சேரும்?"

"இதே வேகத்துல வந்தாலும் ஏழு லட்சம் வருஷம் ஆகும். ஆனா வராது. வழியிலேயே தேஞ்சு நின்னுடும்."

ஃபுரிஹாதா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "நம்ம ஐந்தாண்டுத் திட்டக் காலத்துக்குள்ள வராதுல்ல?"

"வராது."

"நல்லது. அப்போ அது எனக்கு அடுத்து வர்றவர் பொறுப்பு. இருந்தாலும் ஒரு ஒத்திகை பார்த்துடுவோம். ஒத்திகை பார்க்காத பேரிடர்தான் ஆபத்தான பேரிடர்."

வியாழக்கிழமை பத்து மணிக்கு மணி அடித்தது. நிலையத்தின் நாற்பத்தெட்டு பேரும் மேசைக்கடியில் புகுந்தார்கள். பிறகு பனியில் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய் வரிசையில் நின்றார்கள். தலை எண்ணப்பட்டது. 41ஆம் பொருளின் விரிவால் காயமடைந்தோர் எவருமில்லை என்று அறிக்கை எழுதப்பட்டது. இயக்குநர் அகாஹானே ஒரு மரப்பெட்டிமேல் ஏறி நின்று உரையாற்றினார். பனி அவர் தோளில் விழுந்துகொண்டிருந்தது, அவர் அதைத் தட்டிவிடவில்லை.

"நாம எதுக்கு இருக்கோம்? வானத்துல நடக்குற மாற்றத்தைப் பார்க்குறதுக்கு. மாற்றத்தைப் பார்க்குறவன் தான் மாறலாமா? அளவுகோல் நீளலாமா? இந்த நிலையம் முப்பது வருஷமா கொஞ்சங்கூட மாறல. என் நாற்காலி மாறல. என் கருத்து மாறல. போன வருஷம் இதே இடத்துல நான் பேசினதும் இதே உரைதான், யாரும் கண்டுபிடிக்கல. அதுதான் நம்ம துல்லியம்."

கைதட்டினார்கள். சிஸுருவும் தட்டினாள். அளவுகோல் பற்றிச் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பது போலத் தெரிந்ததுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இறங்கி வந்த இயக்குநர் அவள் பக்கத்தில் நின்றார்.

"கமிஜோ சான், அந்த நட்சத்திரம் மார்ச் தணிக்கை முடியுறவரைக்கும் கொஞ்சம் பொறுக்குமா?"

கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள்.

ஜனவரி முதல் வாரம் படிவம் முத்திரை வாங்கக் கிளம்பியது. கீழே ஐந்து கட்டங்கள். வலக்கோடியில் விண்ணப்பதாரர், அடுத்து மொமோசே, ஃபுரிஹாதா, துணை இயக்குநர், இடக்கோடியில் இயக்குநர். ஒவ்வொருவரும் தம் பெயர் வெட்டிய சிறு வட்ட முத்திரையைச் சிவப்பு மையில் தொட்டு ஒற்ற வேண்டும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகர்ந்தது, படிவம் நகரவில்லை. ஐந்து வாரம் கழித்து, பிப்ரவரி நடுவில் திரும்பி வந்தது. இயக்குநரின் கட்டம் காலி. ஒரு சிறு சீட்டு ஒட்டியிருந்தது: 'விண்ணப்பதாரரின் முத்திரை நிமிர்ந்திருக்கிறது. பரிசீலிக்க இயலவில்லை.'

சிஸுரு சீட்டையும் முத்திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். நான்கு வருடம் படங்களைப் பொருத்திய கை அது. கட்டத்தின் விளிம்போடு இம்மியும் பிசகாமல், நேர்க்குத்தாக முத்திரையை ஒற்றியிருந்தாள். நிலையத்திலேயே துல்லியமான முத்திரை. அதில்தான் பிழை என்கிறார்கள்.

மொமோசே கதவைச் சாத்திவிட்டு விளக்கினார். கீழே இருப்பவரின் முத்திரை இடப்பக்கம் மேலதிகாரியை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். குனிந்து வணங்குவது போல. இது எந்த விதியிலும் எழுதியிருக்காது, எல்லாருக்கும் தெரியும்.

"ஃபுரிஹாதா சானும் துணை இயக்குநரும் கட்டுக்கட்டா பார்க்காமலே குத்துவாங்க. இயக்குநர் மட்டும் பார்ப்பார். படிக்க மாட்டார், முத்திரை எல்லாம் குனிஞ்சிருக்கான்னு பார்ப்பார். உங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்பு என்னுதுதான்."

அவர் போன பிறகு சிஸுரு அந்தத் தாளை நகலெடுத்து, நட்சத்திர விளிம்பை அளக்கும் அதே முறையில் சாய்வுகளை அளந்தாள். துணை இயக்குநர் பன்னிரண்டு பாகை. ஃபுரிஹாதா இருபத்திரண்டு. மொமோசே முப்பத்தொன்று. பழைய படிவங்கள் பதினைந்தை எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் முப்பத்தொன்று. இருபது வருடம் முன்பும் முப்பத்தொன்று. இருபது வருடங்களாக அந்த மனிதர் தினமும் இதே அளவு குனிந்திருக்கிறார். சிரிப்பு வரும் என்று நினைத்துத்தான் அளந்தாள். வரவில்லை.

குழு மார்ச் பத்தில் கூடுகிறது, மறுபடி ஐந்து வாரம் சுற்றி வர நேரமில்லை. அப்போது ஃபுரிஹாதா ஒரு வழியோடு வந்தார். கெட்டவர் இல்லை, அவள் போவதில் அவருக்கும் மகிழ்ச்சி இல்லை. கையில் நோஸாவாக் கீரை ஊறுகாய்ப் பொட்டலம் ஒன்றுகூட வைத்திருந்தார்.

"போன வருஷமும் விரிஞ்சுது, இந்த வருஷமும் விரிஞ்சுது, அப்படித்தானே?"

"ஆமா."

"அப்போ இது மாற்றமே இல்ல. வழக்கம். 'கடந்த ஆண்டைப் போலவே விரிந்தது'ன்னு எழுதிக் கொடுங்க. வழக்கத்துக்குப் படிவம் வேண்டாம், முத்திரை வேண்டாம். நாளைக்கே பதிவேட்டுல ஏறிடும். குழுவுக்கு அது போதும்."

சிஸுரு பேனாவை எடுத்தாள். வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரே ஒரு வரி.

"மேற்கு விளிம்பு?"

"அதுக்கென்ன?"

"அது போன வருஷம் மாதிரி இல்ல. வேகம் குறையுது."

"ஒரு ஓரந்தானே சென்செய். மத்த மூணு பக்கமும் ஒழுங்கா வழக்கப்படி போகுதுல்ல. அதை விட்டுடுங்க."

"அதைத்தான் நான் கண்டுபிடிச்சேன்," என்றாள் சிஸுரு. "அதை விட்டுட்டா நான் ஒண்ணுமே கண்டுபிடிக்கல."

ஃபுரிஹாதா ஊறுகாயை மேசைமேல் வைத்துவிட்டுப் பெருமூச்சோடு போனார். வாசல்வரை வந்து காத்திருந்த மொமோசேயிடம், இந்த ஆராய்ச்சியாளர்களுக்கு விட்டுக்கொடுக்கவே தெரிவதில்லை என்று சொன்னார். மொமோசே வழக்கம்போல் தலைகுனிந்து ஆமோதித்தார். ஆனால் அன்று மதியம் அவர் பதிவேட்டைத் திறந்து 41ஆம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைச் சிலர் கண்டார்கள்.

மார்ச் பத்தாம் தேதி குழு கூடியது. பதிவேட்டில் மாற்றம் இல்லை, ஆகவே பணி இல்லை, ஆகவே நீட்டிப்பு இல்லை. ஊழியர் பட்டியலிலிருந்து அவள் பெயரை நீக்க முடிவானது. முடிவு ஐந்தே நிமிடத்தில் எடுக்கப்பட்டது, அந்த நிலையத்துக்கு அது அசுர வேகம். ஆனால் பெயரை நீக்குவதும் ஒரு மாற்றம். அதற்கும் படிவம் வேண்டும். விண்ணப்பதாரர் இல்லாததால் நான்கே முத்திரை, அவற்றில் முதலாவது மொமோசேயுடையது. ஊழியர் பட்டியலை ஏப்ரல் முதல் நாள் மட்டுமே திருத்தலாம் என்பதால், மார்ச் முப்பத்தொன்று மாலை ஐந்தேகாலுக்குள் படிவம் நிறைவேறியாக வேண்டும். அவசரம் என்று சிவப்பில் எழுதி, படிவத்தை மொமோசேயின் மேசைக்கு அனுப்பினார்கள்.

அவர் அதைத் தாமதப்படுத்தவே இல்லை என்று சிஸுருவுக்குத் தெரிய வந்தது. வந்த அன்றே முத்திரையிட்டு மேலே அனுப்பிவிட்டாராம். அவளுக்கு வலித்தது. பிறகு, அவரை என்ன சொல்ல, பெண்ணைக் கல்லூரியில் படிக்க வைக்கிறவர், ஓய்வு பெற இன்னும் எட்டு வருடம் இருக்கிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். காலி ஆப்பிள் பழப் பெட்டிகள் நான்கு வாங்கி வந்து புத்தகங்களை அடுக்கினாள். உவேதாவில் இருக்கும் அக்காவுக்கு, கொஞ்ச நாள் வந்து தங்கலாமா என்று எழுதினாள். மூன்று படங்களையும் ஒரு உறையில் போட்டு, அதை மட்டும் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் முதல் நாள் காலை பெட்டிகளை எடுக்க வந்தாள். அறைக்கதவில் அவள் பெயர்ப்பலகை அப்படியே இருந்தது. உள்ளே மேசையில் அவளுக்கான புதிய ஆண்டு நாட்காட்டி, மாதச் சோதனைக்கான பேரிடர்த் தலைக்கவசம், ஒரு பழுப்பு உறை. உறையில் அவளை நீக்கும் படிவத்தின் நகல். மொமோசே, ஃபுரிஹாதா, துணை இயக்குநர் என்று மூன்று முத்திரைகள். இயக்குநரின் கட்டம் காலி. நேற்று மாலை ஐந்து மணிக்கு ஒட்டிய சீட்டு ஒன்று: 'எழுத்தரின் முத்திரை நிமிர்ந்திருக்கிறது. பரிசீலிக்க இயலவில்லை.'

சிஸுரு வலக்கோடிக் கட்டத்தைப் பார்த்தாள். அளக்கக் கருவி தேவைப்படவில்லை. நான்கு வருடம் பழகிய கண். மொமோசேயின் முத்திரை கட்டத்தின் விளிம்போடு இம்மியும் பிசகாமல், நேர்க்குத்தாக நின்றது. பூஜ்யம் பாகை.

படிவம் நிறைவேறவில்லை. ஆகவே எதுவும் மாறவில்லை. அடுத்த ஏப்ரல் வரை அவளை அசைக்க அந்த நிலையத்தில் யாராலும் முடியாது.

அவள் எழுத்தர் அறைக்கு ஓடினாள். மொமோசே பதிவேட்டைத் திறந்து வைத்து ஆண்டுக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். நாற்பதுவரை வந்திருந்தார். அவளைப் பார்த்ததும் பேனாவை மூடினார்.

"உங்களை ஒண்ணும் சொல்லலையா மொமோசே சான்?"

"சொல்லாம இருப்பாங்களா? வருத்தக் கடிதம் கேட்டாங்க. இப்போதான் எழுதி முடிச்சேன்." தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "கை நடுங்கிடுச்சுன்னு ஃபுரிஹாதா சான்கிட்ட சொன்னேன். கை நடுங்கினா முத்திரை எப்படி நேரா விழும்னு அவர் கேக்கல."

பிறகு குரலைத் தாழ்த்தி, வெட்கப்பட்டவராக, "அது மேற்கு ஓரத்துல எதுல முட்டுதுன்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க சென்செய். அடுத்த ஜனவரியில படிவத்தைச் சீக்கிரமே அனுப்பிடலாம். நீங்க மட்டும் கொஞ்சம் சாய்ச்சுக் குத்துங்க," என்றார்.

சிஸுருவுக்குக் கண் கலங்கியது. மறைக்க வருத்தக் கடிதத்தின்மேல் குனிந்தாள். காரணம் என்ற கேள்விக்கு எதிரே அதே மூன்று கட்டங்கள்: எழுத்துப் பிழை, பொறுப்பாளரின் கவனக்குறைவு, இயற்கைப் பேரிடர்.

மூன்றாவதில் குறியிட்டிருந்தார்.

கீழே அவருடைய முத்திரை. முப்பத்தொரு பாகை, கடந்த ஆண்டைப் போலவே.